வைஃபை, புளூடூத், ஜிக்பி, என்எஃப்சி: எது எதற்கு?

வைஃபை, புளூடூத், ஜிக்பி, என்எஃப்சி எல்லாமே கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் முறைகள்தாம் என்றால், அவற்றுள் வேகமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடக் கூடாதா, புதிதாகக் கட்டும் வீட்டில் விளக்கு, கதவுப் பூட்டு, கேமரா, சென்சார் ஆகியவற்றுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கேள்வி. இதற்குப் பெரும்பாலும் விடையாகக் கிடைப்பது, வேகத்தையும் எட்டும் தூரத்தையும் வரிசைப்படுத்திய ஓர் அட்டவணை. அந்த எண்களில் பிழை இருப்பதில்லை. ஆனால் அதைப் படிப்பவர் வைஃபையே எல்லாவற்றிலும் மேல் என்ற முடிவுக்குத்தான் வருவார். இந்தத் தொழில்நுட்பங்களை உண்மையில் பிரிப்பது அட்டவணையில் இடம்பெறாத வேறொரு கேள்வி: ஒரு கருவி தன் ரேடியோவை ஒரு நாளில் எவ்வளவு நேரம் விழிப்பில் வைத்திருக்க வேண்டும்?

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். கைக்கடிகாரத்திலும் கார் சாவியிலும் இருக்கும் சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரியில் ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர்-மணி மின்னேற்றம் இருக்கிறது. வைஃபை சிப் ஒன்று தொடர்ந்து செவிமடுத்துக்கொண்டிருக்க 100 மில்லிஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால், அந்தப் பேட்டரி இரண்டேகால் மணி நேரம்கூடத் தாங்காது. அவ்வளவு மின்னோட்டத்தை அதனால் தரவும் முடியாது என்பது தனிக்கதை. அதே பேட்டரியில், பெரும்பாலான நேரம் உறங்கிச் சில நொடிகளுக்கொரு முறை மட்டும் விழித்து வெப்பநிலையைச் சொல்லிவிட்டு மறுபடி உறங்கும் சென்சார் ஒன்று, சராசரியாக 20 மைக்ரோஆம்பியர் எடுத்தால் 11,000 மணி நேரம், அதாவது ஓராண்டும் மூன்று மாதமும் ஓடும். குறைந்த ஆற்றல் ரேடியோக்களில் அனுப்புவதற்கு ஆகும் மின்சாரமும் பெறுவதற்கு ஆகும் மின்சாரமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், பேட்டரியைத் தின்பது பேச்சு அன்று. யாராவது பேசுவார்களா என்று காத்திருப்பதே. இந்தக் காத்திருப்பை யார் தலையில் சுமத்துவது என்பதில்தான் ஒவ்வொரு தொழில்நுட்பமும் வேறு முடிவை எடுத்திருக்கிறது.

இவற்றுள் பெரும்பாலானவை ஒரே அலைக்கற்றையில் நெருக்கியடித்து வாழ்கின்றன. அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் 1985இல் சில அலைக்கற்றைகளை உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. அவற்றுள் ஒன்றுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு 2005இல் உரிமத் தேவை நீக்கப்பட்டது. மைக்ரோவேவ் அடுப்பும் இதே பகுதியில், 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகிறது. நீர் மூலக்கூறு அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது என்று பலர் எழுதுவதுண்டு; அது சரியன்று, நீர் இன்னும் பல மடங்கு உயர்ந்த அதிர்வெண்களில்தான் அதிகமாக உறிஞ்சுகிறது. அடுப்பின் கதவிடுக்கில் கசியும் சிறு அளவு கதிர்வீச்சு வைஃபையின் சமிக்ஞையை அமுக்கிவிடப் போதுமானது என்பது மட்டும் உண்மை.

வைஃபை மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்படாத காலத்தில் பிறந்தது. ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 802.11 தரநிலை 1997இல் வெளிவந்தபோது அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட், 1999இல் 802.11பி அதை 11 ஆக்கியது. 2009இல் வந்த 802.11என் ஏட்டளவில் 600ஐத் தொட்டது. இன்றைய வைஃபை 6, வைஃபை 7 ரவுட்டர்களின் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் மெகாபிட் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். அவை எல்லா அலைக்கற்றைகளின் உச்சங்களையும் ஒன்றாகக் கூட்டிய எண்கள். இரண்டு ஆன்டெனா கொண்ட கைபேசி ஒன்று 80 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடத்தில் (சேனலில்) வைஃபை 6 வழியே இணைந்தால் இணைப்பு வேகம் 1,201 மெகாபிட்தான், கோப்பு நகரும் உண்மையான வேகம் அதிலும் கணிசமாகக் குறையும். காரணம், ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒவ்வொரு கருவியும் பேசுமுன் தடம் ஓய்ந்திருக்கிறதா என்று கேட்டு, ஓயாவிட்டால் குத்துமதிப்பாகத் தேர்ந்த ஒரு சிறு நேரம் பொறுத்து, மறுபடி முயல்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே தடத்தில் இருந்தால் அதன் பேச்சுக்கும் உங்கள் கருவி பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்ணப்பட்டாலும் ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பரவுவதால், ஒன்றன் மீது ஒன்று ஏறாமல் கிடைப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதாம். நெரிசலுக்குப் பயந்து 3ஆம் தடத்தையோ 8ஆம் தடத்தையோ தேர்ந்தெடுப்பவர் இரு பக்கத்தாரின் இரைச்சலையும் வாங்கிக்கொள்கிறார். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியா 2018இல் அங்கே 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் நீக்கியது. ஆனால் அதிர்வெண் இரட்டித்தால், அதே வகை ஆன்டெனா அதே தூரத்தில் பெறும் ஆற்றல் வெட்டவெளியிலேயே நான்கில் ஒன்றாகிறது. செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் குறுக்கே வந்தால் இழப்பு இன்னும் கூடும். கீழ்த்தளத்தில் ஒரு மூலையில் ரவுட்டரை வைத்துவிட்டு மாடியில் 5 கிகாஹெர்ட்ஸ் எட்டவில்லை என்று வருந்துவோர் விலையுயர்ந்த ரவுட்டர் வாங்குவதைவிட, வீடு கட்டும்போதே மாடிக்கு ஒரு ஈதர்நெட் கம்பி இழுத்து அங்கே வைஃபை பரப்பும் இன்னொரு கருவியை (அணுகுமுனையை) வைப்பது மேல். கம்பியில்லாத் தொழில்நுட்பம் பற்றிய பதிலில் கம்பியைப் பரிந்துரைப்பது முரணாகத் தோன்றலாம். கட்டுமானத்தின்போது குழாயோடு குழாயாகப் போகும் அந்தக் கம்பிக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

வைஃபையில் உறக்கம் அறவே இல்லை என்று சொல்லவில்லை. ரவுட்டர் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடிக்கு ஒரு முறை அறிவிப்பு ஒன்றை ஒலிபரப்புகிறது. உறங்கும் கைபேசி அதற்கு மட்டும் விழித்து, தனக்குச் செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வைஃபை 6 இன்னும் ஒரு படி போய், எப்போது விழிக்க வேண்டும் என்பதைக் கருவியும் ரவுட்டரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வழி வகுத்தது. இருந்தாலும் பிணையத்தில் சேர்வது, மறையாக்கச் சாவியைப் பரிமாறிக்கொள்வது, ஐபி முகவரி பெறுவது என்று வைஃபைக்கு ஒவ்வொரு முறையும் ஆகும் சடங்குகள் அதிகம். மின்சாரம் எப்போதும் கிடைக்கும் தொலைக்காட்சி, கேமரா, மடிக்கணினி ஆகியவற்றுக்கு அது பொருட்டன்று. ஜன்னல் திறந்ததா என்று மட்டும் சொல்ல வேண்டிய விரலளவு சென்சாருக்கு அது பொருந்தாச் சுமை.

புளூடூத் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தனித்தனி ரேடியோக்கள் இருக்கின்றன என்பதை விற்பனையாளர்களே பல நேரம் சொல்வதில்லை. முதலாவது, சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் தொடங்கி, எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்தும் 1998இல் அமைத்த கூட்டமைப்பால் வளர்க்கப்பட்ட பழைய புளூடூத். அது 1 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 தடங்களில் நொடிக்கு 1,600 முறை தாவுகிறது; ஒரு தடத்தில் வைஃபை இடித்தாலும் அடுத்த நொடித்துளியில் வேறு தடத்துக்குப் போய்விடும். 2003இல் வந்த 1.2 பதிப்பு முதல், நெரிசலான தடங்களைக் கவனித்து அவற்றைத் தவிர்த்துத் தாவவும் அதற்குத் தெரியும். இணைப்பு உயிரோடு இருக்கும் வரை தொடர்ச்சியாகத் தரவு ஓடுவதற்கென அமைந்தது அது. ஆகவே ஒலிக்கு ஏற்றது.

அந்த ஒலியில் பலரைக் குழப்பும் ஒரு குறை உண்டு. பாட்டு கேட்கும்போது நன்றாக இருக்கும் இயர்பட், கணினியில் கூட்டம் ஒன்றில் சேர்ந்து மைக்கைத் திறந்தவுடன் பழைய தொலைபேசி போல் கரகரப்பது ஏன்? பழைய புளூடூத்தில் பாட்டுக்கான வழியும் அழைப்புக்கான வழியும் வேறு வேறு. முதலாவது உயர்தர ஒலியை ஒரு திசையில் மட்டும் கொண்டுசெல்லும். மைக் வேண்டுமென்றால் இரண்டாவது வழிக்கு மாற வேண்டும், அங்கே ஒலி நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்கிவிடும். இயர்பட் பழுதன்று; தரநிலையே அப்படி. 2020இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ, எல்சி3 என்ற புதிய ஒலிச்சுருக்க முறையோடு இதைத் தீர்க்க வந்தது. கைபேசி, கணினி, இயர்பட் மூன்றும் அதற்கு ஆதரவு தந்தால்தான் பயன் கிட்டும் என்பதால் அதை நம்பி மட்டும் வாங்குவது இன்றும் சற்று அவசரமே.

இரண்டாவது ரேடியோ, நோக்கியா 2006இல் வைப்ரீ என்ற பெயரில் அறிவித்து, 2010இல் புளூடூத் 4.0இன் பகுதியாக வந்த குறைந்த ஆற்றல் புளூடூத். அதில் 40 தடங்கள்; அவற்றுள் மூன்று, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற அறிவிப்புக்கென ஒதுக்கப்பட்டவை. அந்த மூன்றையும் 2,402, 2,426, 2,480 மெகாஹெர்ட்ஸில், அதாவது வைஃபையின் 1, 6, 11 தடங்களின் விளிம்புகளிலும் இடைவெளிகளிலும் வைத்த வடிவமைப்பாளர்களைப் பாராட்டத்தான் வேண்டும். இங்கே காத்திருப்பின் சுமை முழுவதும் கைபேசியின் மேல் விழுகிறது. சிறு கருவி விழித்து, ஒரு மில்லிநொடி அளவில் அறிவித்துவிட்டு உறங்குகிறது. தினமும் சார்ஜ் ஏற்றப்படும் கைபேசி கேட்டுக்கொண்டிருக்கிறது. எடை பார்க்கும் கருவி, ரத்த அழுத்தமானி, சைக்கிள் சென்சார் எல்லாம் இந்த ஏற்பாட்டில் பிழைப்பவை. கைபேசி அந்தப் பக்கம் இல்லையென்றால் அவற்றின் செய்தி யாருக்கும் எட்டாது என்பது இதன் விலை.

வீட்டில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இயங்க வேண்டிய கருவிகளுக்கு அந்த விலை கட்டாது. அங்கேதான் ஜிக்பி வருகிறது. 2003இல் வெளியான ஐஇஇஇ 802.15.4 ரேடியோவின் மேல் கட்டப்பட்ட இதன் வேகம் நொடிக்கு 250 கிலோபிட். ஒரு பொட்டலத்தில் 127 பைட்டுக்கு மேல் அடங்காது. படம் அனுப்ப உதவாது. விளக்கை அணை என்று சொல்ல இது தேவைக்கும் மேல். சுவரில் மின்சாரம் பெறும் ஒவ்வொரு ஜிக்பி விளக்கும் பிளக்கும் தன் வேலையோடு, பிறர் செய்தியை வாங்கிக் கடத்தும் வேலையையும் பார்க்கிறது. பேட்டரியில் ஓடும் சென்சார், தனக்கு அருகிலுள்ள அப்படியொரு கருவியைப் பெற்றோராக ஏற்று உறங்கிவிடுகிறது. அதற்கு வரும் செய்தியைப் பெற்றோர் பிடித்து வைத்திருந்து, அது விழித்துக் கேட்கும்போது கொடுக்கிறது. காத்திருப்பின் சுமை, மின்சாரம் இருப்பவர்களிடையே பகிர்ந்தளிக்கப்படுகிறது.

இந்த அழகான ஏற்பாடு நம் வீடுகளில் இடறும் இடம் சுவர் சுவிட்ச். அறையை விட்டு வெளியேறும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நமக்கு ஊறிப்போன பழக்கம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அது கட்டளையும்கூட. அப்படி அணைத்தால் ஸ்மார்ட் பல்பு மட்டும் அணையவில்லை, பிணையத்தின் ஒரு கண்ணியும் அறுந்துபோகிறது. அதை நம்பியிருந்த சென்சார் வேறு பெற்றோரைத் தேடி அலைகிறது. ஆகவே சாதாரண பல்புகளையே வைத்துக்கொண்டு, சுவிட்சுக்குப் பின்னால் பெட்டிக்குள் பொருத்தும், ரேடியோ வழியே விளக்கை ஏற்றி அணைக்கும் ரிலே தொகுதிகளை வாங்குவதே நம் வீடுகளுக்குத் தகும் என்பது என் உறுதியான கருத்து. சுவிட்சை யார் எப்படி அழுத்தினாலும் ரிலேயின் ரேடியோவுக்கு மின்சாரம் நிற்பதில்லை. நியூட்ரல் கம்பி அந்தப் பெட்டிக்குள் வரும்படி எலக்ட்ரீஷியனிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஜிக்பி தடங்கள் 11 முதல் 26 வரை எண்ணப்படுகின்றன. வைஃபை 1, 6, 11 மூன்றும் நிரம்பிய கட்டடத்திலும் 15, 20, 25 ஆகிய ஜிக்பி தடங்கள் அவற்றின் இடுக்குகளில் பெருமளவு தப்பித்துக்கொள்கின்றன. 25இல் தொடங்குவது பெரும்பாலும் நல்லது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜிக்பி டாங்கிளை, அதாவது ஜிக்பி ரேடியோ உள்ள சிறு செருகுகருவியை, கணினியின் யுஎஸ்பி 3.0 துளையில் நேரடியாகச் செருகினால், அந்தத் துளையும் அருகில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் எழுப்பும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுந்து டாங்கிளைச் செவிடாக்கும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கி ஆவணம் வெளியிட்டது. ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கருவிகள் அடிக்கடி காணாமல் போகின்றன என்ற புகார்களில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

திரெட் என்பது 2014இல் அறிமுகமானது, அதே 802.15.4 ரேடியோ, அதே கடத்தும் முறை, ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் ஐபிவி6 என்ற இணைய முகவரி உண்டு. ஒரே மையக் கருவியை நம்பாமல், வீட்டு இணையத்தோடு இணைக்கும் எல்லைக் கருவிகள் பல இருக்கலாம், ஒன்று நின்றால் மற்றொன்று தொடரும் என்பது அதன் பலம். 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளியான மேட்டர் ஒரு ரேடியோ அன்று. வைஃபை, திரெட், ஈதர்நெட் மூன்றின் மேலும் கருவிகள் பேசிக்கொள்ளும் பொதுமொழி. கருவியை முதன்முதலில் பிணையத்தில் சேர்ப்பதற்கு மட்டும் அது குறைந்த ஆற்றல் புளூடூத்தைத் துணைக்கு அழைக்கிறது. பெட்டியில் மேட்டர் என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே இருப்பது வைஃபையா திரெட்டா என்று கேட்டு வாங்க வேண்டும். பேட்டரியின் ஆயுள் அதைப் பொறுத்தது.

வீட்டுக் கருவிகளுக்கான இன்னொரு ரேடியோ இசட்-வேவ், டென்மார்க்கில் பிறந்தது, 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குவதால் சுவர்களை நன்றாகக் கடக்கும், நெரிசலும் இல்லை. ஆனால் அதன் அதிர்வெண் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுக்கானது 908.42 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் அது கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் 900 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்குள் விழுகிறது. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் இசட்-வேவ் பூட்டு வாங்கி வரச் சொல்ல வேண்டாம். இங்கே உரிமம் நீக்கப்பட்டது 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி; சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் வேலை செய்வதும் அங்கேதான்.

என்எஃப்சிக்கு உறக்கச் சிக்கலே இல்லை, ஏனென்றால் தொட்டுப் பயன்படுத்தும் அதன் அட்டையில் பேட்டரியே இல்லை. 13.56 மெகாஹெர்ட்ஸில் படிப்பான் உண்டாக்கும் காந்தப்புலம் அட்டையின் கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. அந்த மின்சாரத்திலேயே சிப் விழித்துப் பதில் சொல்கிறது. காந்தப்புலம் தூரத்தின் மும்மடியில் தேய்வதால், நடைமுறையில் நாலைந்து சென்டிமீட்டருக்கு அப்பால் அட்டை எழுவதில்லை. நொடிக்கு 106 முதல் 424 கிலோபிட் வரை என்ற வேகம் சிறிதுதான். ஆனால் கையை நீட்டித் தொடுவதே சம்மதம் என்றாகிவிடுவதால், இந்தக் குறுகிய தூரம் குறையன்று, அதுவே அதன் தகுதி. சென்னை மெட்ரோவில் 2023 முதல் புழங்கும் சிங்காரச் சென்னை அட்டையும், 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமல் செல்லும் வங்கி அட்டையும் இந்த முறையில் இயங்குபவை. கதவுக்கு அட்டை வைத்துத் திறக்கும் பூட்டு வேண்டுமென்றால், அட்டையின் வரிசை எண்ணை மட்டும் பார்த்துத் திறக்கும் மலிவு வகைகளைத் தவிர்க்கவும்; அந்த எண்ணை நகலெடுப்பது எளிது.

யுடபிள்யூபி எனப்படும் மிகை அகல அலைக்கற்றை முறை தகவலைவிட தூரத்தை அளப்பதற்காகவே இன்று மதிக்கப்படுகிறது. புளூடூத்தில் தூரத்தைச் சமிக்ஞையின் வலிமையிலிருந்து ஊகிக்கிறோம். இடையில் ஒரு மனித உடல் நின்றாலே அந்த ஊகம் பிழைபடும். யுடபிள்யூபி, 500 மெகாஹெர்ட்ஸோ அதற்கு மேலோ பரவும் மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்பி, அவை போய்வர எடுக்கும் நேரத்தை அளக்கிறது. ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் செல்வதால், துடிப்பு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு துல்லியம். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வரை கணிக்க முடிகிறது. ஆப்பிள் 2019இல் ஐபோன் 11இலும் 2021இல் ஏர்டேக்கிலும் இதைச் சேர்த்தது. கார் திருடர்கள் வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சமிக்ஞையை வெளியே கடத்திக் காரைத் திறக்கும் தந்திரத்துக்கு இது தக்க மறுமொழி: சமிக்ஞையை வலுவாக்கலாம், ஒளியைவிட வேகமாக அனுப்ப முடியாது. 2024இல் வெளியான புளூடூத் 6.0 அலையின் கட்டத்தை (ஃபேஸ்) அளந்து தூரம் காணும் முறையைக் கொண்டுவந்திருப்பதால், மலிவான கருவிகளில் அதுவே இடம்பிடிக்கக்கூடும்.

இனி அந்த வீட்டுக்கு வரலாம். கேமராவும் தொலைக்காட்சியும் வைஃபை, இயன்ற இடத்தில் கம்பி. ஜன்னல், கதவு, நீர்த்தொட்டி சென்சார்கள் ஜிக்பி அல்லது திரெட். விளக்குகளுக்கு முன்பு சொன்ன ரிலே. கதவுப் பூட்டுக்குத் திரெட்டோ புளூடூத்தோ இருக்கட்டும். வைஃபை பூட்டு பேட்டரியை விரைவில் தீர்ப்பதோடு, பல மாதிரிகள் தொலைவிலுள்ள ஒரு சர்வரை நம்பியும் இருக்கின்றன. மின்வெட்டு ஒரு பொருட்டாக இருக்கும் ஊரென்றால் ரவுட்டருக்கும் ஜிக்பி மையத்துக்கும் மட்டும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று போதும். வைஃபைக்கு டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை இருந்தால் அதையும், இல்லையெனில் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2வையும் நீண்ட கடவுச்சொல்லோடு அமைத்து, பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவுக் கருவிகளுக்கு விருந்தினர் பிணையத்தைத் தனியே திறந்துவிடவும். பூட்டு எதுவானாலும் சாதாரணச் சாவித்துளையும் உள்ள மாதிரியையே வாங்கவும்.